என் மிஷினில் பழுது இருக்காது

கும்பாபிஷேக மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்குகிற மாதிரி வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள். நான் ஐந்தாவது படித்தவன், அதுவும் முழுசாக இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

கேட்டது தினேஷ். எங்கள் தெருக் கெங்கையம்மன் கோயில் கமிட்டியின் புதுச் செயலாளர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு ஆம்பூருக்கு வருவான். வரும்போதே கையில் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தான். ‘முற்றிலும் தானியங்கி வழிபாடு’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, ‘மேள மிஷின் தந்தை தணிகாசலம் அவர்களின் ஆசியுடன்.’

“இன்னாடா இது ஆசி? நான் எப்படா குடுத்தேன்?”

“நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதான தாத்தா. நாங்க முடிச்சு வெக்கிறோம்.”

எப்படி முடித்து வைப்பார்கள் என்றும் சொன்னான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தானாகத் திறக்குமாம். விளக்கு தானாக எரியுமாம். நான் செய்த மேள மிஷின் தானாக அடிக்குமாம். ஓர் இரும்புக் கை தீபத் தட்டை அம்மன் முன்னால் மூன்று சுற்று சுற்றுமாம். வாசலில் ஒரு டி.வி. பெட்டி, அதில் பேரும் நட்சத்திரமும் தட்டினால் ஒரு குரல் அர்ச்சனை சொல்லுமாம். எல்லாம் தினேஷின் போனில் இருக்கும்.

“அப்ப ஏகாம்பரம்?”

ஏகாம்பரம் எங்கள் கோயில் பூசாரி. முப்பத்தைந்து வருடமாக அவன்தான். தினேஷ் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

“வெள்ளிக்கெழம மட்டும் வெளியேருந்து ஆள் வரவெச்சிக்கலாம் தாத்தா. தெனம் தேவையில்ல. அவருக்கும் வயசாய்டுச்சு. அதுவும் இல்லாம, உங்களுக்குத் தெரியாததா? முருகேசன் அண்ணன் செத்த அன்னிக்கு அவரு பண்ண காரியத்த தெரு இன்னும் மறக்கல. மிஷினு மறந்து போவாது. மிஷினுக்குக் கோவம் வராது.”

எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றினது மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போடுகிறோம், நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றான். எழுதித் தருகிறேன் போடா என்று அனுப்பினேன்.

இதோ எழுதுகிறேன். முருகேசன் செத்த அன்று நடந்ததாகத் தெருவுக்குத் தெரிந்தது ஒன்று. எனக்குத் தெரிந்தது வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள், தணிகாசலம் என்றால் கோயிலில் சால்வை வாங்குகிற கிழவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அப்பா தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். நான் பதினாலு வயதில் அதே கம்பெனிக்குள் போனேன். குழிக்குப் போகவில்லை, மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற அறைக்குப் போனேன். ஆறு வருடம். எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்வேன். இப்போதும் சொல்வேன். ஐ.டி.ஐ. படித்தவன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஆமாண்ணா’ என்பான். அவ்வளவுதான் என் படிப்பு.

எனக்கு மேலே போர்மேன் கலீல் பாய். தோல் கம்பெனியில் ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டு, அதில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் சாயங்காலம் வீட்டுக்குப் போனான் என்றால் அது அவர் ஒருத்தர்தான். சத்தம் போட மாட்டார். சாதாரண நாளில் ‘டேய் தணிகா’. கோபம் வந்தால் ‘வாங்க தணிகாசலம், உக்காருங்க’ என்பார். அந்த ‘வாங்க’ கேட்டால் எனக்கு வேர்த்துவிடும்.

அவர் வேலை செய்யும் முறையை எழுதாமல் விட முடியாது. தோல் பதனிடுகிற டிரம் என்பது மரத்தால் செய்த பெரிய பீப்பாய். ஓர் அறை அளவு இருக்கும். தோலும் மருந்துத் தண்ணீரும் உள்ளே கிடக்கும், மோட்டார் சுற்றும். சில நேரம் தோல் சிக்கிக்கொள்ளும். ஆள் உள்ளே இறங்கி இழுத்துப் போட வேண்டும். அப்படி இறங்குகிற நாளில் கலீல் பாய் தானே வருவார். மெயின் சுவிட்சை அணைப்பார். அது போதாது. மூன்று பீங்கான் பியூஸ் கட்டையையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதுவும் போதாது. டிரம் பக்கம் வந்து ஸ்டார்ட் பட்டனைத் தானே அழுத்திப் பார்ப்பார். ஓடவில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் ‘எறங்கு’ என்பார். உள்ளே ஆள் இருக்கும் வரை டீ குடிக்கப் போக மாட்டார், யாரோடும் பேச மாட்டார். ஆள் வெளியே வந்து அவர் முன்னால் நின்று பேரைச் சொன்ன பிறகுதான் கட்டை பையிலிருந்து வெளியே வரும்.

ஒருநாள் லாரி நிற்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று மேனேஜர் கத்தினார். பாய் நிதானமாகச் சொன்னார்: “வாங்க சார். நீங்க உள்ள எறங்குங்க. நான் இப்பவே ஸ்டார்ட் பண்றேன்.” மேனேஜர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான். “ஆஃப் பண்ணா ஆஃப் ஆவணும்டா. சுவிட்ச நம்பி ஒருத்தன் உள்ள போறான்.”

பிறகு நான் தனியாகப் பட்டறை போட்டேன். யார் தயவிலும் இல்லை. தகரக் கொட்டகை, ஒரு வைஸ், இரண்டு ஸ்பேனர். அப்போதுதான் ஏகாம்பரம் வந்தான். எங்கள் கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஷூ கம்பெனியில் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலப் பூஜைக்கு மேளம் இல்லை. அவனுக்கு வலது கையில் கற்பூரத் தட்டு, இடது கையில் மணி.

“அம்மா குடுத்தது ரெண்டு கையிதாண்ணா. மூணாவது கை ஒண்ணு செஞ்சு குடேன்” என்றான்.

செய்தேன். கால் குதிரைச் சக்தி மோட்டார். அதன் வேகத்தைக் குறைக்க ஒரு பெல்ட், ஒரு பழைய சைக்கிள் பல்சக்கரம். நீளமான இரும்புத் தண்டில் முளை முளையாக வைத்தேன். தண்டு சுற்றச் சுற்ற முளை சுத்தியலைத் தூக்கும், ஸ்பிரிங் அதை இழுத்து மேளத்தில் அடிக்கும். அதே தண்டிலேயே மணி, சேகண்டி, ஜால்ரா. முதல் நாள் ஓட்டினபோது கோயிலே அதிர்ந்தது. ஏகாம்பரம் காதைப் பொத்திக்கொண்டான்.

“இன்னாண்ணா இது, தீயணைப்பு வண்டி வர்ற மாதிரி இக்குது! அம்மா எழுந்து ஓடிடப் போறா!”

பதினோரு தடவை முளையைக் கழற்றி மாட்டினேன். அவன் கற்பூரத்தைச் சுற்றிக் காட்டுவான், நான் அவன் கையைப் பார்த்துத் தாளத்தைத் திருத்துவேன். பன்னிரண்டாவது தடவை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

இதில் ஒரு கெட்ட பேரை இங்கேயே துடைத்துவிட வேண்டும். தணிகாசலம் மேளக்காரன் வயிற்றில் அடித்தான் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மேளக்காரன் போன பிறகு நின்ற சத்தத்துக்குத்தான் நான் மிஷின் செய்தேன். ஏகாம்பரம் கேட்டது மூன்றாவது கை. செய்து கொடுத்தேன். மற்ற இரண்டு கையையும் வெட்டு என்று எவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினேஷ் கூட்டம் இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறது. அதற்கு என் ஆசி வேறு!

அதன் பிறகு பாலாற்றுக்கு இரண்டு பக்கமும் என் மிஷின்தான். ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் பஸ்ஸே போகாத ஊருக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன். வாலாஜாபேட்டையில் ஒரு கோயிலில் என் மிஷின் அடிப்பதைக் கேட்டு, மேளக்காரர் யாரென்று பெண் வீட்டார் விசாரித்தார்களாம், கல்யாணத்துக்கு அழைக்க. கோயில் மட்டுமில்லை. வேலூர் பக்கம் ஒரு தேவாலயத்தில் மணிக்கு மோட்டார் வைத்தேன். வேலை முடிந்ததும் கயிற்றைக் கழற்றப் போனேன். உபதேசியார் தடுத்தார்.

“கயிறு இருக்கட்டும் ஐயா. சாவு மணி ஒண்ணு ஒண்ணா அடிக்கணும். எப்ப யார் போவாங்கன்னு மோட்டாருக்குத் தெரியாது.”

கலீல் பாய் ரிட்டையர் ஆன பிறகு அவருடைய பள்ளிவாசலில் ஆம்ப்ளிபயர் நான்தான் பார்த்தேன். பாங்கைக் கேசட்டில் பிடித்துக் கடிகாரத்தோடு சேர்த்துவிடட்டுமா, ஐந்து வேளையும் தானாகக் கூப்பிடும் என்று கேட்டேன். பாய் சிரித்தார். “எழுப்பறதுக்குக் கடியாரம் போதும்டா. கூப்புடறதுக்கு ஆள் வேணும்.”

இரண்டு பேரும் எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள். நான் இரண்டு பேரையும், பழைய காலத்து ஆட்கள், முன்னேறத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் ஏறி வந்தேன்.

இனி முருகேசன் விஷயம். நடந்து பதினாலு வருடம் ஆகிறது. தினமும் பல மணி நேரம் கரண்ட் போன காலம் அது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போதைய கமிட்டித் தலைவருக்குப் பூஜை டாண் என்று ஆறு மணிக்கு இருக்க வேண்டும். ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருகிற ஜனம் மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தெருவுக்குள் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் ஒரு டைமர் வைத்தேன். ஆறு அடித்தால் மிஷின் தானாக ஐந்து நிமிடம் ஓடும்.

ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை. “முன்னல்லாம் நான் ரெடியானா அது அடிக்கும். இப்ப அது அடிக்குதேன்னு நான் ஓட வேண்டியிருக்கு” என்று புலம்பினான்.

எனக்கு அதோடும் திருப்தி இல்லை. கரண்ட் போனால் டைமர் நின்றுபோகிறதே! என் மிஷின் நிற்கலாமா? ஒரு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி உள்ளே வைத்தேன். மின்சாரம் நின்ற அந்த நொடியே பேட்டரி எடுத்துக்கொள்ளும். ஊரே இருட்டில் கிடக்கும்போது எங்கள் கோயில் மேளம் மட்டும் ஓங்கி அடிக்கும். நான் மார்பைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். எவனும் கை வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, ஒரு சாவியை நானும் ஒன்றைத் தலைவரும் வைத்துக்கொண்டோம். ஏகாம்பரத்துக்குப் பெட்டிக்கு வெளியே கோயில் உள்சுவரில் இருக்கிற மெயின் சுவிட்ச் மட்டும்தான். கைப்பிடி மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப்.

முருகேசன் ஷூ கம்பெனிக்காரன். முப்பத்திநாலு வயது. காலையில் டிபன் கேரியரோடு பெங்களூர் ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. மத்தியானம் உடல் வீட்டுக்கு வந்தது. அவன் அண்ணன் சூரத்திலிருந்து வர வேண்டும். அதனால் மறுநாள் காலையில்தான் எடுப்பது என்று முடிவானது.

தெருவில் பிணம் கிடந்தால் கோயில் திறக்கக் கூடாது. விளக்கில்லை, மணியில்லை, மேளமில்லை. எடுத்த பிறகு தெருவைக் கழுவி, கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் நடை திறப்பார்கள். இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஏகாம்பரம் செய்தி கேட்டதுமே கோயிலுக்குப் போய், மெயினை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்துவிட்டான். பந்தல் கட்டக் கம்பு தூக்கினான். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆறு மணி. வீட்டு முன்னால் சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வீடு தள்ளிக் கோயில். முதலில் மணி கேட்டது. அப்புறம் மேளம், சேகண்டி, ஜால்ரா, எல்லாம் சேர்ந்து, திருவிழா மாதிரி. சாவு மேளம் அடித்தவர்கள் குழம்பிப்போய் நிறுத்திவிட்டார்கள். அழுகையும் நின்றது. தெரு முழுக்க என் மிஷின் மட்டும். முருகேசன் சம்சாரம் செல்வி, தலைவிரி கோலமாக எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“யாருக்குடா திருவிழா? என் ஊட்டுக்காரன் கெடக்கறான், யாருக்குடா திருவிழா?”

ஏகாம்பரம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். செல்வியின் தம்பி பாய்ந்து அவன் கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டான். “பொணம் கெடக்கறப்ப கோயில வேற தெறக்கப் போறியா?”

“அணைச்சேன்பா! எங்கம்மா சத்தியமா அணைச்சேன்!”

யார் நம்புவது? அதற்கு முந்தின ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது யார் பானை முதலில் என்று முருகேசனுக்கும் ஏகாம்பரத்துக்கும் வாய்த்தகராறு. ‘பாத்துக்கறேன்டா’ என்று ஏகாம்பரம் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். வஞ்சம் வைத்து, மெயினை அணைக்காமல் விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மிஷின் தானாக நின்றது. அது நிற்பதற்குள் ஏகாம்பரத்தின் சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம்.

மறுநாள் உடலை எடுத்த பிறகு தெருக்கூட்டம் கூடியது. மிஷினில் ஏதாவது கோளாறா என்று பார்க்க என்னைக் கோயிலுக்குள் அனுப்பினார்கள். ஏகாம்பரத்தை உள்ளே விடவில்லை. தலைவர் வாசலில் நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன்.

மெயின் கைப்பிடி கீழே இருந்தது.

கீழே. அவன் அணைத்திருக்கிறான். சொன்னபடியே அணைத்திருக்கிறான். மெயினை அணைத்தால் என் இன்வெர்ட்டருக்கு அது கரண்ட் போன மாதிரி. அது தன் வேலையைச் செய்தது, பேட்டரியைக் கொடுத்தது. டைமர் ஆறு மணிக்குத் தன் வேலையைச் செய்தது. உண்மையாக நிறுத்த வேண்டுமென்றால் பெட்டிக்குள் இருக்கிற இன்னொரு சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தப் பெட்டிச் சாவி அவனிடம் இல்லை. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆஃப் பண்ணினால் ஆஃப் ஆக வேண்டும் என்று என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பாய்க்கு நான் செய்த மரியாதை அதுதான்.

தலைவர் வாசலிலிருந்து கேட்டார்: “இன்னா தணிகாசலம், மிஷின்ல ஏதாச்சும் பழுதா?”

வெளியே ஜனம் நிற்கிறது. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து இரண்டு கோயில்காரர்கள் என் மிஷினைப் பார்த்துப் போக அந்த வாரம் வருவதாக இருந்தார்கள். நான் சொன்னேன்:

“என் மிஷின்ல பழுது இருக்காது.”

பொய்யும் இல்லை, பாருங்கள். பழுது இல்லைதான். தலைவர் வெளியே போய், ‘தணிகாசலமே பார்த்துச் சொல்லிட்டாரு’ என்றார். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தான். நான் கையில் ஒட்டின கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி வீட்டு வாசற்படியில் ஏகாம்பரம் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு வருடம் அம்மனைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. விழுந்தான். ஒரு வருடம் அவன் மைத்துனன் பூஜை செய்ய, இவன் வெளியே பிராகாரம் பெருக்கினான். நான் அந்த வாரமே பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துவந்துவிட்டேன். டைமரும் போயிற்று. பேட்டரி வைத்த மற்றக் கோயில்களுக்கும் பஸ் ஏறிப் போய், மெயினை அணைத்தால் எல்லாமே அணைகிற மாதிரி மாற்றினேன். கேட்டவர்களுக்கு, சர்வீஸ் என்றேன். தானாக வந்து பார்க்கிறாரே, என்ன மனுஷன் என்று மாலை போட்டார்கள். மிஷினையெல்லாம் சரிசெய்துவிட்டேன். மனுஷனைச் சரிசெய்யவில்லை.

இப்போது அதே பொய்யை அஸ்திவாரமாக வைத்து ஏகாம்பரத்தை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். ஏகாம்பரம் மறப்பான், மிஷின் மறக்காதாம்! அன்றைக்கு மறக்காமல் அடித்தது எது? அவன் நிறுத்தினான். அடித்தது மிஷின். தினேஷிடம் போனிலேயே கேட்டேன்.

“தெருவுல ஒரு சாவு உழுந்தா உன் மிஷினுக்கு யாருடா சொல்லுவா?”

“அதுக்கு ஆப்ல ஒரு பட்டன் இக்குது தாத்தா. யாராச்சும் எனக்கு மெசேஜ் போட்டா, பெங்களூர்லருந்தே நிறுத்திடுவேன்.”

“செத்தவன் பொண்டாட்டி உனக்கு மெசேஜ் போட்டுட்டுதான் அழ ஆரம்பிக்கணுமா?”

“ஏன் தாத்தா டென்ஷன் ஆவறீங்க” என்றான். நான் ஆகாமல் யார் ஆவது?

கூட்டத்தில் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை செல்வி வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் அதே ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“பதினாலு வருசமா, மாமா?”

“ஆமாம்மா.”

“அந்தாளு இந்தப் படில உழுந்தப்ப நான் காலால தள்ளினேன். பாத்தீங்களா அத?”

“பாத்தேன்.”

“பாத்துக்கினு நின்னீங்களா?”

எழுபத்தொரு வயதுக் கிழவன், அந்தப் படியிலிருந்து இறங்கித் தெருவில் நின்றேன்.

“அவருகிட்ட சொன்னீங்களா?”

“இன்னும் இல்லம்மா. மொதல்ல ஒங்கிட்ட...”

“எங்கிட்ட இன்னாத்துக்கு மொதல்ல? எனக்கு அழுது முடிஞ்சுபோச்சு. அவருக்கு முடிஞ்சுதா? போங்க மாமா. இப்பவே போங்க. ஞாயித்துக்கெழம நானும் கூட்டத்துக்கு வர்றேன். நீங்க மழுப்பினா நானே எழுந்து சொல்லுவேன்.”

மழுப்ப மாட்டேன். அதற்குத்தான் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். கமிட்டி இதை மலரில் போடாவிட்டால் நானே அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டுவேன். பசை காய்ச்ச எனக்குத் தெரியும். தீர்மானம் என்ன வேண்டுமானாலும் போடுங்கள், ஏகாம்பரம் மறந்தான் என்ற வார்த்தை அதில் இருக்கக் கூடாது. தந்தை, தாத்தா என்று என் பேரும் இருக்கக் கூடாது.

அன்று செல்வி வீட்டிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பூஜைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏகாம்பரம் குழாயடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பேட்டரி, இன்வெர்ட்டர், பெட்டிச் சாவி, எல்லாம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கைப்பிடி எப்டி இருந்துச்சுண்ணா?” என்றான்.

“கீழ இருந்துச்சு.”

“நல்லா பாத்தியா?”

“பாத்தேன்.”

“முழுசா கீழயா? பாதிலயா?”

“முழுசா கீழதான் ஏகாம்பரம். நீ அணைச்சுட்டுதான் போயிருக்க.”

தேய்ப்பதை நிறுத்தினான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூடவும் அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

“மொதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சுண்ணா. எல்லாரும் அணைக்கல அணைக்கலன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் பூடுச்சு. எங்கம்மா சாவறதுக்கு முந்தின நாளு கேட்டுது, ‘என் மேல சத்தியம் பண்ணியேடா, நெசமா அணைச்சியா’ன்னு.” அவன் என்னைப் பார்க்கவில்லை. “தெரிலம்மான்னு சொல்லிட்டேன்.”